கொடியும் கீதமும் நம் குரலும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

அளந்து பார்த்தால் 52 வினாடிகளில் முடிந்துவிடும் ஒரு பாட்டு. தொட்டுப் பார்த்தால் மூன்று நிறங்களில் ஒரு துணி. ஆனாலும் அந்தப் பாட்டு எழும்போது நெஞ்சு விம்முகிறது. அந்தத் துணி காற்றில் விரியும்போது கண்கள் பனிக்கின்றன. இதற்குக் காரணம் என்ன? “எல்லாம் பழக்கந்தான்!” என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடிப்போர் உண்டு. பழக்கந்தான் காரணம் என்றால் நாள்தோறும் ஒலிக்கும் பள்ளி மணியைக் கேட்டும் நமக்கு மெய்சிலிர்க்க வேண்டுமன்றோ? மதிய மணியைக் கேட்டால் நமக்குப் பசிதான் எடுக்கிறது!

அன்புத் தோழியரே, நாங்கள் இங்கே சொல்ல விரும்புவது இதுதான். அந்தச் சிலிர்ப்பு துணியிலும் இல்லை, மெட்டிலும் இல்லை. மனிதர்கள் தாமாக விரும்பிக் கொண்டுவந்து அவற்றில் வைத்தது அது. ஆகவே அதை ஆணையிட்டு வரவழைக்க முடியாது. இயந்திரத்தில் அடைத்து வைத்து வேண்டும்போது எடுக்கவும் முடியாது. எங்கள் பள்ளியின் காலைக் கூட்டத்தில் சில காலமாக நாட்டுப்பண் ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. நாங்கள் அசையாமல் நின்று கேட்கிறோம். அதைப் பற்றியும் எழுதத்தான் போகிறோம். ஆண்டுமலர்க் குழுவினர் கத்தரிக்கோலைக் கையில் எடுக்காதிருப்பார்களாக!

கொடி என்பது நமக்குப் புதிய பொருளன்று. சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன் என்று தமிழாசிரியை சொல்லக் கேட்டே வளர்ந்தோம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடியேறும்போது அங்கே திரண்டு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. நாகப்பட்டினத்து வெயிலில் கால் கொப்புளிக்க நடந்து வந்த பாட்டிமார், கயிறு இழுபட்டுக் கொடி மெல்ல மேலே போகும்போது வாய்விட்டு அழுவதை எங்களில் பலர் கண்டிருக்கிறோம். யாரும் அவர்களை அழச் சொல்லவில்லை. நடந்து வந்த களைப்பு, வேண்டுதல், போன ஆண்டு உடன் வந்து இந்த ஆண்டு இல்லாமற்போனவர்கள் என எல்லாம் சேர்ந்து அந்தக் கயிற்றில் ஏறுகின்றன.

நாட்டின் கொடியிலும் அப்படித்தான் ஏறியிருக்கின்றன. 1932 ஜனவரி 10 அன்று திருப்பூரில் ஒரு சிறு ஊர்வலம் புறப்பட்டது. காவலர் தடியால் அடித்தார்கள். மண்டை உடைந்து விழுந்த குமரன் கையிலிருந்த கொடியை விடவில்லை; மறுநாள் உயிர் நீத்தார். அவருக்கு வயது 27. கொடி காத்த குமரன் என்று பாடநூலில் இரண்டு மதிப்பெண் வினாவாகப் படித்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அசாமில் கோபூர் என்னும் ஊரில் 1942 செப்டம்பர் 20 அன்று காவல் நிலையத்தில் கொடியேற்றச் சென்ற கூட்டத்தின் முன்னே கொடியேந்தி நடந்தவர் கனகலதா பருவா. அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது வயது 17! எங்களைவிட இரண்டே வயது மூத்தவர். அதே மாதம் 29ஆம் நாள் வங்காளத்தில் தம்லுக் நகரில் எழுபதைத் தாண்டிய மாதங்கினி ஹஸ்ரா அம்மையார் குண்டடிபட்டு வீழ்ந்தபோதும் கொடியை விடவில்லை.

இவர்கள் ஏந்திய கொடிக்கு அப்போது சட்டத்தின் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அதற்கு மரியாதை செய்யாவிட்டால் தண்டனை என்று எவரும் மிரட்டவில்லை. மரியாதை செய்தால்தான் தண்டனை! இதை எண்ணிப் பார்த்தால் அந்தத் துணியின் மதிப்பு எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை மூவர்ணக் கொடியை நாட்டின் கொடியாக ஏற்றது. இராட்டை இருந்த இடத்தில் 24 ஆரங்கள் கொண்ட சக்கரம் வந்தது. அடுத்த மாதம் 14ஆம் நாள் நள்ளிரவுக் கூட்டத்தில் இந்தியப் பெண்கள் சார்பாக அந்தச் சபைக்குத் தேசியக் கொடியை அளித்தவர் ஹன்ஸா மேத்தா அம்மையார். இதைப் பெண்கள் பள்ளியில் படிக்கும் நாம் தெரிந்திருக்க வேண்டாமா? நேருவின் அன்றைய பேச்சைப் பேச்சுப்போட்டிக்காக மனப்பாடம் செய்த எங்களுக்கு இந்த அம்மையார் பெயரை எவரும் சொல்லித் தந்ததில்லை. நூலகத்தில் தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது.

சென்னைச் சுற்றுலாவின்போது கோட்டை அருங்காட்சியகத்தில் ஒரு கொடியைக் கண்டோம். 1947 ஆகஸ்ட் 15 அன்று ஜார்ஜ் கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடி அது. கண்ணாடிக்குள் மங்கிய ஒளியில் விரித்து வைத்திருக்கிறார்கள். அது பறக்கவில்லை, அசையக்கூட இல்லை. வாத்தியம் இல்லை, பாட்டு இல்லை. ஆனாலும் பேருந்தில் வழியெல்லாம் கூச்சலிட்டு வந்த எங்கள் வகுப்பு அந்த இடத்தில் தானாக அமைதியாயிற்று. சிஸ்டர் ஒருமுறைகூட “உஷ்!” சொல்லவில்லை.

கொடியும் கீதமும் எத்தனை வலியவை என்பதற்கு ஆக்கி விளையாட்டிலிருந்து ஒரு கதை சொல்லலாம். 1936இல் பெர்லின் ஒலிம்பிக் போட்டியில் நம் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே ஜெர்மனி. ஆட்ட நாள் ஆகஸ்ட் 15. அது பிற்பாடு நமக்கு என்ன நாளாகப் போகிறது என்று அன்று யாருக்குத் தெரியும்? அந்த அணி உலகின் முன் விளையாடியது ஆங்கிலேய ஆட்சியின் கொடியின்கீழ். ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் அணியுடன் வந்திருந்த பங்கஜ் குப்தா காங்கிரசின் மூவர்ணக் கொடியை எடுத்துக் காட்டினார். வீரர்கள் அதை வணங்கிவிட்டுக் களம் இறங்கினார்கள். தியான் சந்த் தம் நினைவுகளில் எழுதிய செய்தி இது. 8-1 என்று வென்றார்கள்.

12 ஆண்டுகள் கழிந்தன. 1948 ஆகஸ்ட் 12, லண்டன், வெம்பிளி மைதானம். எதிரணி பிரிட்டன். சுதந்திர நாடாகச் சென்ற நம் அணி 4-0 என்று வென்றது. நேற்றுவரை ஆண்டவர்களின் தலைநகரிலே நம் கொடி அவர்கள் கண்முன் ஏறியது. நம் பாட்டு ஒலித்தது. முன்பு பூட்டிய அறைக்குள் ஒளித்து வணங்கிய கொடி! அந்த மேடையில் நின்றவர்களின் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டிருக்கும் என்று எண்ணும்போதே எங்கள் கைகளில் மயிர்க்கூச்செறிகிறது. 2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோவில் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிதலில் தங்கம் வென்று நின்றபோதும் அதே 52 வினாடிகள்தாம். விடுதியில் தொலைக்காட்சி முன் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த அக்காமார் எல்லோரும் ஒருவரும் சொல்லாமலே எழுந்து நின்றார்களாம்.

இவ்வளவு சொன்னபின் கதையின் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. அந்த 1936இல் பெர்லின் அரங்கைச் சுற்றிப் பறந்தவை யாருடைய கொடிகள்? 1935 செப்டம்பரில் இட்லரின் அரசு சுவஸ்திகக் கொடியை ஜெர்மனியின் ஒரே தேசியக் கொடியாக்கியிருந்தது. ஆயிரக்கணக்கான கொடிகள், தீவட்டிகள், முழவுகள், ஒரே குரலில் இலட்சம் பேர்! அங்கே நின்றவர்களுக்கும் மெய்சிலிர்த்துத்தான் இருக்கும். அவர்களிலும் பதினைந்து வயதுப் பெண்கள் இருந்திருப்பார்கள். கண்ணீர் பொய்யாக இராது. ஆனால் அந்தக் கண்ணீரை வைத்து என்ன செய்யப் போகிறார்கள் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. எனவே மெய்சிலிர்த்தது என்பதாலேயே ஒரு காரியம் நல்லதாகிவிடாது. சிலிர்ப்பு நல்ல குதிரை. கடிவாளம் யார் கையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் ஏற வேண்டும்.

அங்கே கைநீட்டி வணங்க மறுத்தவர்கள் பட்ட பாட்டை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. வணங்க மறுப்பவனை அடிக்கும் இடத்தில், வணங்குகிறவன் அன்பால் வணங்குகிறானா, அச்சத்தால் வணங்குகிறானா என்று எப்படித் தெரியும்?

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி ஒருமுறை நீதிமன்றப் படி ஏறியது. 1985 ஜூலையில் கேரளத்தில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூவர் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்னும் சபையைச் சேர்ந்தவர்கள். நாட்டுப்பண் பாடும்போது எழுந்து மரியாதையாக நிற்பார்கள். வாய் திறந்து பாட மட்டும் அவர்கள் மனச்சாட்சி இடம் தரவில்லை. மூவரில் மூத்த பிள்ளை பத்தாம் வகுப்பு! எங்கள் வகுப்பு! வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி உள்ளிட்ட அமர்வு, அப்பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எழுந்து நின்றதே மரியாதை. பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை என்பது தீர்ப்பின் சாரம். 1971ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தேசிய மதிப்புச் சின்னங்கள் பற்றிய சட்டமும் பாடுவதைத் தடுப்பவரையும் பாடும் கூட்டத்தைக் குலைப்பவரையும்தான் தண்டிக்கிறது. அமைதியாக நிற்பவரைத் தண்டிக்கவில்லை.

இத்தீர்ப்பை வகுப்பில் விவாதித்தபோது இரண்டு கட்சியாகிவிட்டோம். “நாட்டில் வாழ்ந்துகொண்டு நாட்டின் பாட்டைப் பாடமாட்டேன் என்பதா?” என்று சிலர் கொதித்தார்கள். அவர்களுடைய கொதிப்பும் அன்பினால் வந்ததே. ஆனால் கடைசியில் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டது இது: மூன்று பிள்ளைகளைப் பாடாமல் நிற்க விட்டதால் நம் பாட்டு சிறுத்துப் போகவில்லை. அவர்களை அடித்துப் பாட வைத்திருந்தால்தான் சிறுத்துப் போயிருக்கும்.

திரையரங்கக் கதையும் இதையே காட்டுகிறது. முன்னெல்லாம் படம் முடிந்ததும் நாட்டுப்பண் போடுவார்களாம். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் அதற்குள் வாசலுக்கு ஓடிவிடுவார்களாம். எங்கள் தாத்தாமார் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 2016 நவம்பர் 30 அன்று எல்லாத் திரையரங்குகளிலும் படத்துக்கு முன் கட்டாயம் ஒலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எழாதவர்களோடு பக்கத்து இருக்கைக்காரர்கள் சண்டையிட்ட செய்திகள் நாளிதழ்களில் வந்தன. 2018 ஜனவரி 9 அன்று அந்தக் கட்டாயத்தை நீதிமன்றமே தளர்த்தியது. கையில் சோளப்பொரிப் பொட்டலத்துடன் நிற்பவரின் தேசபக்தியைப் பின்வரிசைக்காரர் அளந்து பார்ப்பதைப் போன்ற பரிதாபம் வேறுண்டோ?

இனிப் பாட்டுக்கு வருவோம். மகாகவி தாகூர் எழுதிய அப்பாடலை 1911 டிசம்பர் 27 அன்று கல்கத்தாக் காங்கிரசில் முதன்முதலாகப் பாடினார்கள். 1919இல் அவர் இன்றைய ஆந்திரத்தில் உள்ள மதனப்பள்ளிக் கல்லூரியில் தங்கியிருந்தபோது அங்கேயிருந்தவர்களுக்குப் பாடிக் காட்டினார். அயர்லாந்திலிருந்து வந்து நம் நாட்டுப் பெண்களுக்காக உழைத்த மார்கரெட் கசின்ஸ் அம்மையார் அதற்கு இசைக்குறிப்பு அமைத்தார். 1950 ஜனவரி 24 அன்று அது நாட்டுப்பண் ஆயிற்று. அன்று சபையில் பூர்ணிமா பானர்ஜி அம்மையாரும் மற்ற உறுப்பினர்களும் தங்கள் வாயாலே பாடினார்கள். இசைத்தட்டு போடவில்லை!

பாட்டின் பொருளோ நம்மில் பலருக்குத் தெரியாது. எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தோம். முழுப் பொருளும் சொன்னவர்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவர்களே. ‘உத்கல’ என்பது ஏதோ மலையின் பெயர் என்று ஒருத்தி இத்தனை ஆண்டும் எண்ணியிருந்தாளாம். அது ஒடிசா. பாஞ்சாலம், குஜராத்து, மராட்டியம், வங்காளம் என்று ஊர் ஊராகக் கூப்பிட்டுக்கொண்டே வருகிற பாட்டு அது. இடையில் ‘திராவிட’ என்னும்போது நம்மைக் கூப்பிடுகிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளி அண்ணன்மாரையெல்லாம் பெயர் சொல்லி விசாரித்துவிட்டு நம் பெயரையும் மறவாமல் சொன்னால் எப்படி இருக்கும்! சிந்து என்ற பெயரும் வருகிறது. 1947இல் அந்நிலம் பாகிஸ்தானில் சேர்ந்துவிட்டது. ஆகவே அச்சொல்லை நீக்க வேண்டும் என்று சிலர் கேட்டபோது உச்ச நீதிமன்றம் 2005இல் மறுத்துவிட்டது. எங்களுக்கு மகிழ்ச்சியே. ஊரையும் வீட்டையும் விட்டு வந்த சிந்தி மக்களுக்கு அந்த ஒரு சொல்லாவது இருக்கட்டும்.

பொருள் தெரிந்து பாடுவதும் தெரியாமல் பாடுவதும் ஒன்றாகுமா? தமிழ்த்தாய் வாழ்த்து பாடும்போது சொல் ஒவ்வொன்றும் நேரே உள்ளே போகிறது. அது நம் மொழி. இலங்கையில் புலவர் மு. நல்லதம்பி அந்நாட்டுக் கீதத்தைத் தமிழில் ஆக்கித் தந்தார். 2016 பிப்ரவரி 4 அன்று, நெடுங்காலத்துக்குப் பிறகு, கொழும்பில் சுதந்திர தின விழாவில் தமிழிலும் அதைப் பாடினார்கள். 2020இல் தமிழில் பாடவில்லை. அதே மெட்டு, அதே கருத்துத்தானே என்று வெளியில் நிற்பவர் கேட்கலாம். தன் வாய்க்குப் பழகிய சொல்லில் பாட முடிகிறவளுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

கொடிக்கு நேர்ந்ததையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வெகுகாலம் தேசியக் கொடி கதர்த் துணியால்தான் ஆக வேண்டும் என்று விதி இருந்தது. கர்நாடகத்தில் ஹூப்ளி நகரின் பெங்கேரியில் கதர்க் கொடி தைக்கிறார்கள். தைப்போரில் பெரும்பாலோர் பெண்களே. 2021 டிசம்பர் 30இல் விதியைத் திருத்தி, இயந்திரத்தில் செய்த பாலியஸ்டர் கொடிக்கும் இடம் கொடுத்தார்கள். 2022 ஆகஸ்டில் வீட்டுக்கு வீடு கொடி பறந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஏழைக் குடிசைக்கும் கொடி எட்டியது நல்லதே. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 16ஆம் நாள் எங்கள் பள்ளி வாசலுக்கு எதிரேயுள்ள சாக்கடை ஓரத்தில் குண்டூசியோடு கிடக்கும் பிளாஸ்டிக்குக் கொடிகளை யார் பொறுக்குவது? ஆயா அம்மாதான் பொறுக்குகிறார்கள். காகிதக் கொடியைக்கூடத் தரையில் எறியலாகாது என்கிறது கொடி விதி. முதல்நாள் நெஞ்சில் குத்திக்கொண்டவர்களுக்கு மறுநாள் அது குப்பை. இலவசமாய்ப் பெற்றதில் நாம் எதையும் வைக்கவில்லை. ஆகவே எறியும்போது எதுவும் உறுத்தவில்லை.

இப்போது எங்கள் ஒலிபெருக்கி. பதிவு செய்த பாட்டு மிக நேர்த்தியானது. சுருதி பிசகாது, தாளம் தவறாது. சின்னஞ்சிறு வகுப்புகள் தப்பும் தவறுமாய்ப் பாடி நாட்டுப்பண்ணை இழிவுபடுத்துகிறார்கள் என்ற கவலையால் வந்த ஏற்பாடு அது. கவலை நியாயமானதே. ஆனால் விளைவு என்ன? கேரளத்துப் பிள்ளைகள் பாடாமல் நின்றது மனச்சாட்சியால். நாங்கள் பாடாமல் நிற்பது மின்கம்பியால்.

இவ்வாண்டு ஜூலையில் ஒரு நாள் பாட்டின் நடுவே மின்சாரம் நின்றுவிட்டது. விந்திய மலையோடு பாட்டு அறுந்துபோயிற்று. மைதானம் முழுதும் அமைதி. ஆசிரியைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது எட்டாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு மெல்லிய குரல் விட்ட இடத்திலிருந்து எடுத்தது. அடுத்து அவள் வரிசை, அதற்கடுத்து நாங்கள், பிறகு வாசலில் நின்ற காவலாளித் தாத்தாவும் சேர்ந்துகொண்டார். சுருதி நாலு திசைக்கும் போயிற்று என்பது உண்மை. ஆனால் அன்று காலை எங்கள் வகுப்பில் பலருக்குக் கண் கலங்கியிருந்தது. இரண்டு ஆண்டுகளாக ஒலிபெருக்கியால் செய்ய முடியாததை மின்தடை செய்தது!

மத்திய உள்துறையின் நாட்டுப்பண் ஆணைகளிலேயே, பள்ளிகளில் நாளின் பணியை எல்லோரும் சேர்ந்து நாட்டுப்பண் பாடித் தொடங்கலாம் என்று இருக்கிறது. சேர்ந்து கேட்டு என்று இல்லை. ஆகவே மதர் அவர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் எங்கள் பணிவான விண்ணப்பம்: வரும் குடியரசு நாள் முதல் பாட்டை எங்களிடமே விட்டுவிடுங்கள். ஆறாம் வகுப்புக்குப் பொருள் சொல்லிக் கொடுக்கவும் பயிற்சி தரவும் பத்தாம் வகுப்பு மாணவியர் முறைவைத்து வருகிறோம். பாடமாட்டாத பிள்ளை நின்றால் அவளைத் திரும்பிப் பார்க்கமாட்டோம். முதலில் 52 வினாடி 60 ஆகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருதி சேர்க்க இசையறையில் பழைய ஆர்மோனியம் இருக்கிறது. அதன் துருத்தியில் ஒரு கிழிசல். அதை ஒட்டித் தரவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.